தெருவுக்குக் கேட்காத வாசிப்பு

1

என் மகள் லியாவுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது என்று பேர்கன் நகரத்துச் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி போன மாசியில் முடிவு செய்தது. கொழும்பில் இருந்து இதைப் படிக்கும் உங்களுக்கு இது ஒரு செய்தியாகவே தோன்றாது. நோர்வேயில் பிறந்த பிள்ளைக்குத் தமிழ் எங்கே வரப்போகிறது என்று சிரித்துவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டுவீர்கள். கொஞ்சம் பொறுங்கள். அவளுக்கு நன்றாகவே வாசிக்கத் தெரியும். பிரச்சினை அங்கேதான் இருக்கிறது.

வருடத்துக்கு ஒருமுறை அந்தப் பள்ளியில் வாசிப்பு நாள் வைப்பார்கள். ஒரு பாடசாலையின் உடற்பயிற்சி மண்டபத்தை இரவல் வாங்கிக் கதிரை அடுக்கி, அம்மாமார் வடையும் பற்றிசும் கொண்டுவந்து, பிள்ளைகள் ஒவ்வொருவராக முன்னால் வந்து ஒரு பக்கம் வாசிக்க வேண்டும். ஒலிவாங்கி வழக்கம்போல வேலை செய்யவில்லை. ஒன்பது வயது லியாவின் முறை வந்தது. கிணற்றில் விழுந்த யானைக்குட்டியின் கதை. புத்தகத்தை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றாள். வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை.

"சத்தமா வாசியுங்கோ குஞ்சு, பின்னுக்கு இருக்கிறவைக்கும் கேக்கோணும்" என்றார் வசந்தி ரீச்சர்.

லியா தலையாட்டிவிட்டு மறுபடி தொடங்கினாள். அதே அசைவு, அதே மௌனம். சில வசனங்களின் நடுவில் தலையைச் சற்றுச் சரித்து நிறுத்தினாள். பிறகு தொடர்ந்தாள். கடைசி வரிசையில் இருந்த எனக்கு அவளுடைய உதடுகள் தெரிந்தன. ஒரு சொல் கூடப் பிழைக்கவில்லை. முடித்துப் புத்தகத்தை மூடி, கும்பிட்டுவிட்டு இறங்கினாள். இரக்கத்தில் தட்டும் கைதட்டலுக்கென்று ஒரு ஓசை இருக்கிறது. அது கிடைத்தது.

"அண்ணை, குறை நினைக்காதையுங்கோ" என்று ரீச்சர் பிறகு என்னை ஓரமாக அழைத்துச் சொன்னார். "பிள்ளைக்கு எழுத்து இன்னும் பிடிபடேல்லைப் போல. வாயை அசைச்சுச் சமாளிக்கிறா. ஒரு வகுப்புக் கீழ இருத்திப் பாப்பம்."

காரில் ஏறினோம். பேர்கனில் எப்போதும் பெய்யும் மழை அன்றும் பெய்தது.

"ஏன் பிள்ளை சத்தமா வாசிக்கேல்லை? வெக்கமோ?" என்று கேட்டேன்.

கண்ணாடியில் அவளுடைய முகம் தெரிந்தது. உண்மையான ஆச்சரியம் இருந்தது அதில்.

"தமிழ் சத்தமா வாசிக்கிறேல்லைத்தானே அப்பா?"

பக்கத்தில் இருந்த என் மனைவி நிரோ சிரிக்கத் தொடங்கினாள். என் முகத்தைப் பார்த்ததும் பாதியில் நிறுத்திவிட்டாள்.

2

இதெல்லாம் தொடங்கியதற்கு ஒரு கடிதமும் ஒரு கூட்டமும் காரணம். இந்த நாட்டில் எதுவும் கடிதமும் கூட்டமும் இல்லாமல் தொடங்குவதில்லை. லியா முதலாம் வகுப்புக்குப் போனபோது வகுப்பாசிரியை இங்கிரிட் எங்களைக் கூப்பிட்டுக் கோப்பி தந்து, பிள்ளைக்கு வீட்டு மொழியில் தினமும் கதை வாசித்துக் காட்டுங்கள் என்றார். வீட்டு மொழி பலமாக இருந்தால்தான் நோர்வேஜிய மொழியும் பலமாக வரும், வாசிப்பில் ஆசையும் வரும் என்றார். நகரசபை அச்சடித்த கையேடு ஒன்றையும் தந்தார். அதன் அட்டையில் ஒரு தகப்பன் வாயை அகலத் திறந்து வாசிக்க, பிள்ளை விழுந்து விழுந்து சிரிக்கும் படம். பிறருக்கு வாசித்துக் காட்டுவதை இவர்களுடைய மொழியில் உரத்த வாசிப்பு என்றுதான் சொல்வார்கள்.

நான் சொன்ன சொல் கேட்கும் குடிமகன். அடுத்த நாளே தொடங்கினேன். மாலைச் சாப்பாட்டுக்கு முன்னால், இருக்கையறையின் நீல சோபாவில், லியா என் விலாவோடு ஒட்டிக்கொள்வாள். ஊரிலிருந்து அக்கா அனுப்பிய கதைப் புத்தகங்களை வாசிப்பேன். ஆறே மாதத்தில் அவள் எழுத்துக்குக் கீழே விரலை ஓட்டத் தொடங்கினாள். எட்டு வயதில் நான் களைத்துப்போன நாட்களில் அவளே எனக்கு வாசித்தாள். நண்பர்களின் பிள்ளைகள் தமிழ் என்றால் காய்ச்சல் வந்ததுபோல முகத்தைச் சுளிக்கும்போது, என் பிள்ளை "அப்பா, இண்டைக்குக் கதை இல்லையோ" என்று கேட்டுக்கொண்டு வருவாள். பெருமை எனக்குத் தலைக்கு ஏறியிருந்தது. ஒளிப்பானேன்.

வாசிப்பு நாளன்று வீட்டுக்கு வந்ததும் நிரோ தேநீர் ஊற்றியபடி சொன்னாள்.

"நீங்கள் ரெண்டு பேரும் அந்த சோபாவில இருந்து கதைப்புத்தகம் வாசிக்கிறது எப்பிடி இருக்கும் தெரியுமே? சுவாமியாரிட்டக் காதுக்குள்ள பாவசங்கீர்த்தனம் செய்யிற மாதிரி. குசினிக்குள்ள நிக்கிற எனக்கு ஒரு சொல்லும் கேக்காது. உங்கட வீட்டு வழக்கமாக்கும் எண்டு விட்டிட்டன்."

"நான் சாதாரணமாத்தானே வாசிக்கிறனான்."

"என்ன, சாதாரணமாவோ?" என்றாள் நிரோ. வெள்ளவத்தையில் வளர்ந்தவள். அங்கே இருந்து வந்தவர்கள் ஒன்றையும் மெதுவாகச் சொல்வதில்லை.

அவள் போன பிறகு ஒரு புத்தகத்தை எடுத்து, எனக்கு நானே வாசித்துப் பார்த்தேன். தொலைபேசியில் பதிவும் செய்தேன். திருப்பிப் போட்டுக் கேட்டபோது காற்று மட்டும் வந்தது. காற்றுக்குள் சொற்கள் இருந்தன. நான் அத்தனை வருடமாகச் சத்தமாக வாசிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் குரல் என்னுடையதல்ல. அது யாருடையது என்று எனக்குத் தெரியும்.

3

கொழும்பு, கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டுக்கு விறாந்தை கிடையாது. ஒழுங்கையிலிருந்து ஒரு படி ஏறினால் முன்னறை. முன்னறையின் ஜன்னல் தெருவுக்கு நேரே திறக்கும். நடந்துபோகிறவன் கையை நீட்டினால் எங்கள் மேசையில் இருக்கும் பாணை எடுக்கலாம்.

அப்பா துறைமுகத்தில் ஒரு களஞ்சியத்தில் எழுதுவினைஞர். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் கத்தோலிக்கக் கோயில் பூசையில் வேதாகமத்தின் முதல் வாசகம் வாசிப்பவர். என்ன குரல் அது! ஒலிவாங்கி அவருக்குத் தேவைப்படாது. கோயில் வேலைகளைப் பார்க்கும் சங்கிலித்தாம் மரியநாயகம், அப்பா படியேறுவதைக் கண்டாலே மைக்கை ஒரு முழம் தள்ளிவைத்துவிடுவார். கொச்சிக்கடையிலும் ஹெந்தளையிலும் திருநாள் என்றால் கூட அப்பாவைத்தான் கூப்பிடுவார்கள்.

அதே மனிதர் வீட்டில் கதை வாசிக்கும்போது அந்தக் குரலைக் கோயிலிலேயே கழற்றி வைத்துவிட்டு வந்திருப்பார். எண்பத்து மூன்று ஆடியில் எங்கள் ஒழுங்கைக்கு என்ன நடந்தது என்பதை இங்கே எழுதப் போவதில்லை. உங்களில் பலருக்குத் தெரியும். நான் அப்போது மிகச் சிறியவன். அதற்குப் பிறகு வீட்டில் ஒரு சட்டம் வந்தது. முன்னறையில் தமிழ் தெருவுக்குக் கேட்கக் கூடாது. கதைக்கலாம், தணித்துக் கதைக்க வேண்டும். வாசிப்பது இன்னும் ஆபத்து. கதைப்பவன் என்ன கதைக்கிறான் என்று ஊகிக்கலாம். வாசிப்பவன் எதை வாசிக்கிறான் என்று வெளியே நிற்பவனுக்குத் தெரியாது. அப்பா அப்படித்தான் விளக்கினார்.

ஆனால் வாசிப்பதை அவர் நிறுத்தவில்லை. செபமாலை முடிந்ததும் ஜன்னலைச் சாத்துவார். ரேடியோவில் சிங்களப் பாட்டைப் போட்டு நன்றாகக் கூட்டிவைப்பார். அக்காவும் நானும் அவருடைய இரண்டு பக்கமும் ஒட்டிக்கொள்வோம். பாட்டுக்குக் கீழே கதை ஓடும். பிறகு முச்சந்தியில் ஆமிக்காரரின் சென்றி வந்தது. அப்பா வசனத்தின் நடுவில் நிறுத்தித் தலையைச் சரிப்பார். வெளியே சப்பாத்துச் சத்தம் எங்கள் வாசலைக் கடந்து போகும். போன பிறகு விட்ட சொல்லிலிருந்து தொடர்வார். நாங்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்போம். இளவரசிக்கு என்ன ஆனது என்பதற்காகவா, சப்பாத்துக்காகவா என்று இப்போது பிரித்துச் சொல்ல முடியவில்லை.

எங்கள் மிருகக் கதைப் புத்தகங்களில் புலி இருக்காது. சுற்றிவளைப்பு வரப்போகிறது என்று கதை அடிபட்ட ஒருநாள், புலிப் படம் இருந்த பக்கங்களை எல்லாம் அப்பா கிழித்து அடுப்பில் போட்டார். சிறுபிள்ளைகளின் புத்தகம். மஞ்சளில் கறுப்புக் கோடு போட்டு, பல் தெரியச் சிரிக்கும் புலி. தேடுதலுக்கு வருகிறவனுக்குத் தமிழ் தெரியாது, படம் தெரியும் என்றார். அதன் பிறகு கதை அந்த இடத்துக்கு வரும்போது அப்பா புத்தகத்தை மடியில் கவிழ்த்துவிட்டு, கிழிந்த பக்கத்தை மனப்பாடமாகச் சொல்வார். எங்கள் காதோடு காதாக. புலி பாய்வதை அதைவிட மெதுவாக யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். நாங்கள் திரும்பத் திரும்பக் கேட்டது அந்தப் பக்கத்தைத்தான்.

பிள்ளைகளுக்கு வாசிப்பில் ஆசை வர என்ன செய்யலாம் என்று நகரசபைக் கையேட்டில் ஒரு அத்தியாயமே இருந்தது. அப்பா செய்தது எதுவும் அதில் இல்லை. ஆனால் எனக்கும் அக்காவுக்கும் புத்தகம் என்றால் இன்றைக்கும் பசி போலத்தான்.

4

நான் அதைத் திருத்தப் போனேன். சும்மா இருந்திருக்கலாம்.

லியாவைக் குசினியின் அந்தப் பக்கம் நிறுத்தி, நான் இந்தப் பக்கம் நின்றேன். "எனக்குக் கேக்கிற மாதிரி வாசி" என்றேன். வாசித்தாள். சத்தமாக வாசித்தபோது சொற்கள் தடுக்கின. நன்றாகத் தெரிந்த கதையிலேயே தடுக்கின. நான் திருத்தினேன். அவள் மறுபடி வாசித்தாள். இன்னும் சத்தம் என்றேன். தொண்டையைத் தீட்டிக் கத்துவது போல வாசித்தாள். ஒரு கிழமை இப்படிப் போனது.

ஒரு மாலை அவள் சோபாவுக்கு வரவில்லை. தன் அறையில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு தடித்த நோர்வேஜியப் புத்தகம் ஒன்றை வாசித்துக்கொண்டிருந்தாள்.

"கதை வேண்டாமே பிள்ளை?"

"வேண்டாம் அப்பா. சத்தமா வாசிச்சா அது வேற கதை மாதிரி இருக்கு."

"என்ன மாதிரி?"

யோசித்தாள். "ஸ்கூல் மாதிரி. முந்தி அது எங்கட மட்டும்." ரகசியம் என்ற தமிழ்ச் சொல் அவளுக்குத் தெரியாது. நோர்வேஜிய மொழியில் சொன்னாள். சொல்லிவிட்டுப் புத்தகத்துக்குள் திரும்பிப் போய்விட்டாள்.

தமிழ்ப் புத்தகங்களை அவளே அடுக்கிக் கட்டிலுக்குக் கீழே தள்ளியிருந்தாள். கோபத்தில் அல்ல. அளவு பத்தாமல் போன சப்பாத்தை ஒதுக்குவது போல. பங்குனி போனது, சித்திரை போனது. சனிக்கிழமைப் பள்ளியில் தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு குந்தியிருந்துவிட்டு வருவாள். கேட்டதற்கு ஒற்றைச் சொல்லில் பதில். பிறகு அந்த ஒற்றைச் சொல்லும் நோர்வேஜியச் சொல்லாக மாறியது.

எல்லா வீட்டிலும் இது நடக்கிறது என்று நண்பர்கள் ஆறுதல் சொன்னார்கள். எல்லா வீட்டிலும் அது தானாக நடக்கிறது. என் வீட்டில் நான் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் வெளியே விட்டேன். ஆனால் திரும்பவும் அந்தக் குரலில் வாசிக்க எனக்கு மனம் வரவில்லை. என் அப்பாவின் பயத்தை என் பிள்ளைக்குக் கதை என்று ஊட்டியிருக்கிறேன். அது தெரிந்த பிறகு எப்படி ஊட்டுவது?

5

வைகாசியில் கொட்டாஞ்சேனையிலிருந்து அக்கா தொலைபேசி எடுத்தாள். ஜெசிந்தா அக்கா எங்கள் பழைய வீட்டிலேயே இருக்கிறாள். கப்பல் கம்பனி ஒன்றில் வேலை. அவள் கேள்வி கேட்பதில்லை. முடிவுகளை அறிவிப்பாள்.

"தம்பி, ஆடியில அப்பாட ஆண்டுப் பூசை. லியாதான் முதல் வாசகம் வாசிக்கிறா. ஃபாதரிட்டச் சொல்லிப்போட்டன்."

அப்பா போன வருடம்தான் போனார். செத்த வீட்டுக்கு நான் மட்டும் ஓடிப்போய் வந்தேன். எங்கள் பக்கத்தில் ஆண்டுப் பூசைக்கு வீட்டுப் பிள்ளை ஒன்று வாசகம் வாசிப்பது வழக்கம். அக்காவுக்குப் பிள்ளைகள் இல்லை.

"அக்கா, அவள் இப்ப தமிழ் தொடுறாளே இல்லை. கோயில்ல வாய் திறக்கமாட்டாள். நீங்களே வாசியுங்கோவன்."

"நான் வாசிக்கிறது வேற. அப்பா நிண்ட இடத்தில அவற்ற பேத்தி நிக்கோணும்." பிறகு குரலைத் தணித்துக்கொண்டாள். "கடைசிக் காலத்தில அவர் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தவர், தம்பி. பிள்ளை வாசிக்கிறாவோ, பிள்ளை வாசிக்கிறாவோ எண்டு. நான் ஓம் ஓம் எண்டு சொல்லிக்கொண்டிருந்தனான்."

சரி, அனுப்புங்கோ என்றேன்.

வாசகத்தைப் படம் பிடித்து அனுப்பினாள். லியாவிடம் காட்டி, விருப்பம் இல்லாவிட்டால் வேண்டாம், மாமி கோபிக்கமாட்டா என்றேன். பொய். மாமி கோபிப்பாள். லியா திரையைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"அப்பப்பா வாசிச்ச இடத்திலயோ?"

"ஓம்."

"வாசிக்கிறன். ஆனா நீங்கள் சொல்லித்தரக் கூடாது."

ஒவ்வொரு மாலையும் அவளுடைய அறைக்கதவு சாத்தப்பட்டது. கதவுக்கு வெளியே வேலை இருப்பதுபோல நடந்து திரிந்தேன். ஒரு சத்தமும் வரவில்லை. வாசிக்கிறாளா, வாசிக்காமல் சும்மா இருக்கிறாளா என்றுகூடத் தெரியவில்லை.

"கோயில் நிறையச் சனத்துக்கு முன்னால பிள்ளை வாயை மட்டும் அசைச்சா என்ன செய்வியள்?" என்றாள் நிரோ.

நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். மண்டபத்தில் கிடைத்தது போன்ற கைதட்டல் கூடக் கோயிலில் கிடைக்காது. அதன் பிறகு அவள் தமிழ்ப் புத்தகத்தைத் தன் ஆயுளில் தொடமாட்டாள் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

6

கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து வந்த வழி முழுக்க லியா கண்ணாடியில் மூக்கை ஒட்டியபடி இருந்தாள். ஒழுங்கை அப்படியே இருந்தது. எதிர்ப்பக்கம் மாடி எழும்பியிருந்தது. சென்றி இருந்த முச்சந்தியில் தொலைபேசி திருத்தும் கடை. அந்த இடம் வந்ததும் என் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது, அடையாள அட்டையைத் தேடி. அங்கே நோர்வேயின் பஸ் அட்டைதான் இருந்தது.

கொச்சிக்கடைக் கோயிலுக்குப் போனோம். உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புக்குப் பிறகு வந்த வழக்கப்படி, வாசலில் பையைத் திறந்து காட்டச் சொன்னார்கள். ஏன் என்று லியா கேட்டாள். பிறகு சொல்கிறேன் என்றேன். பிறகு அவளுக்குச் சொல்ல வேண்டியவை இந்த ஊரில் சேர்ந்துகொண்டே போயின.

பூசைக்கு முந்தின நாள் நிரோவின் தமக்கையைப் பார்க்க வெள்ளவத்தைக்குப் போனோம். காலி வீதியில் ஒரு புத்தகக் கடைக்கு முன்னால் லியா தானாக நின்றாள். இரண்டடி தள்ளிப் பின்னால் போனேன். சிறுவர் புத்தக அடுக்கில் நெடுநேரம் நின்று ஒன்றை உருவினாள். அட்டை முழுக்கப் புலி. மஞ்சளில் கறுப்புக் கோடு, பல் தெரியும் சிரிப்பு. வேறு புத்தகம், வேறு புலி. என் கண்ணுக்கு அது அடுப்பில் எரிந்த அதே புலி.

அவளிடமிருந்து வாங்கிக் கடை மேசையில் குப்புற வைத்தேன். கடைக்காரப் பெடியன் அதை நிமிர்த்தி விலையைப் பார்த்தான். நான் மறுபடி குப்புறக் கவிழ்த்தேன்.

"பை வேணுமே அண்ணை?"

"பேப்பரில சுத்தித் தாங்கோ."

"ஆருக்கும் பிரசன்டோ?"

"ஓம்" என்றேன்.

அவனுக்கு இருபது வயது இருக்கலாம். பூப்போட்ட தாளில் அழகாகச் சுற்றி, ஒரு நாடாவும் கட்டித் தந்தான். வெளியே ஓட்டோவை மறித்தேன். "கொஹேத மாத்தயா?" என்று சாரதி கேட்டார். கொட்டாஞ்சேனைக்கு என்று சிங்களத்தில் சொன்னேன். வழிநெடுக அந்தப் பொட்டலத்தை மடியில் வைத்து இரண்டு கையாலும் மூடிக்கொண்டு வந்தேன். லியா என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

7

மாலைப் பூசை. எங்கள் ஒழுங்கைச் சனம் முழுக்க வந்திருந்தது. அப்பாவோடு துறைமுகத்தில் வேலை செய்தவர்கள், ஜிந்துப்பிட்டியிலிருந்து வந்த அவருடைய சைவ நண்பர்கள். அக்கா வெள்ளைச் சேலையில் முன்வரிசையில் நிமிர்ந்து இருந்தாள். நான் மரவாங்கின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

லியா போனாள். மரியநாயகம் இப்போது கூனிவிட்டார். அப்பாவுக்கு முழம் தள்ளிவைத்த மைக்கை, அவர் லியாவின் உயரத்துக்கு இறக்கி, வாய்க்குக் கிட்ட, மிகக் கிட்ட வைத்துவிட்டுப் போனார்.

அவள் புத்தகத்தைப் பார்த்தாள். வாய் அசைந்தது.

தூண்களில் இருந்த ஒலிபெருக்கிகள் எல்லாவற்றிலிருந்தும் காற்று வந்தது. காற்றுக்குள் சொற்கள். ஒவ்வொரு சொல்லும் தெளிவாக, காதோடு காதாக. கோயில் முழுக்க அந்தக் குரல் நிறைந்தது. விசிறிக்கொண்டிருந்த பெண்கள் விசிறியை நிறுத்தினார்கள். பின்னால் கதைத்துக்கொண்டு நின்ற ஆண்கள் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். அது என் மகளின் குரலாக இருக்கவில்லை. அப்பா வாசித்துக்கொண்டிருந்தார். அந்த மேடையில் அவர் ஒருநாளும் வாசிக்காத குரலில், ரேடியோப் பாட்டுக்குக் கீழே வாசித்த குரலில்.

வசனத்தின் நடுவில் லியா நிறுத்தினாள். தலையைச் சற்றுச் சரித்தாள்.

அவள் எதற்காக நிறுத்துகிறாள் என்று அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அக்காவுக்குத் தெரியும். சுற்றிப் பார்த்தேன். எங்களுக்கு எதிர்வீட்டில் இருந்த அல்போன்ஸ் அங்கிளும் தலையைச் சரித்திருந்தார். அவருக்குப் பின்னால் இன்னொரு முதியவர். அந்தப் பக்கம் இரண்டு பெண்கள். எங்கள் வீட்டில் மட்டும்தான் என்று நான் நினைத்திருந்தேன். கோயில் முழுவதும் தெருவைக் கேட்டுக்கொண்டிருந்தது. வெளியே ஒரு பஸ் ஹோன் அடித்தபடி போனது. அது போன பிறகு லியா விட்ட சொல்லிலிருந்து தொடர்ந்தாள்.

வாசகம் முடிந்ததும் சனம் ஒரே குரலாகப் பதில் சொல்ல வேண்டும். சொன்னார்கள். எல்லாரும் அந்தச் சின்னக் குரலிலேயே சொன்னார்கள்.

நான் அழுதேன். செத்த வீட்டில் கூட அப்படி அழவில்லை.

வாசலில் சனம் கலைந்தபோது அக்கா என் கையைப் பிடித்தாள். கோபிப்பாள் என்று நினைத்தேன்.

"ஊரெல்லாம் அப்பாட கோயில் குரலைத்தான் புகழுது" என்றாள். "எனக்கு அவற்ற குரல் இதுதானடா. இனிக் கேக்கமாட்டன் எண்டு நினைச்சன்."

8

அடுத்த நாள் பின்னேரம். அக்கா வேலையால் இன்னும் திரும்பி வரவில்லை. நிரோ பின்னறையில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். லியா பூப்போட்ட தாளைப் பிரித்து, புலிப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு முன்னறைக்கு வந்தாள். மாசிக்குப் பிறகு கதை கேட்டு வந்தது அதுதான் முதல் தடவை.

"அப்பா, நீங்கள் வாசியுங்கோ."

வாங்கில் அமர்ந்து அவளுக்கு இடம் விட்டேன். அவள் இருக்கவில்லை. ஜன்னலடிக்குப் போய், இரண்டு கதவையும் இழுத்துச் சாத்தி, கொண்டியைப் போட்டுவிட்டு வந்து என் விலாவோடு ஒட்டிக்கொண்டாள். அறை இருட்டியது. நாற்பது வருடத்துக்கு முந்திய இருட்டு.

"ஏன் பிள்ளை ஜன்னலைச் சாத்தினனீ? மாமி ஏதும் சொன்னவவோ?"

"இல்லையே. நீங்கள் வாசிக்க முதல் அப்பிடித்தானே செய்யிறனீங்கள்."

"நானோ? எங்க?"

"எங்கட வீட்டில. புத்தகம் எடுத்தா முதல் ஜன்னல் சீலையை இழுத்து மூடுவீங்கள். பிறகுதானே இருப்பீங்கள்." இதில் கேட்க என்ன இருக்கிறது என்பது போல என்னைப் பார்த்தாள்.

எனக்கு அது ஞாபகத்தில் இல்லை. ஒரு மாலை கூட இல்லை. பேர்கனில் எங்கள் வீடு மூன்றாம் மாடி. ஜன்னலுக்கு வெளியே ஒரு மலையும் மழையும் மட்டும்தான். அங்கே எந்தச் சப்பாத்துக்காக நான் திரை இழுத்தேன்?

எழுந்து போய்க் கொண்டியைக் கழற்றினேன். கதவுகளை அகலத் திறந்தேன். பின்னேர வெளிச்சம் உள்ளே விழுந்தது. ஒழுங்கையில் பாண் விற்கும் ஓட்டோ இசையோடு வந்து நின்றது. பெடியள் கிரிக்கெட் அடித்தார்கள். ஒருத்தி தொலைபேசியில் யாரையோ தமிழில் திட்டிக்கொண்டு போனாள், ஊருக்கே கேட்கும்படி. யாரும் எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை.

புத்தகத்தை விரித்து, புலி தெருவைப் பார்க்கும்படி உயர்த்திப் பிடித்தேன். மூச்சை நன்றாக இழுத்தேன். அப்பா கோயிலில் வாசித்தது போல வாசிக்க வேண்டும் என்று வாயைத் திறந்தேன்.

காற்றுத்தான் வந்தது.

மறுபடி முயன்றேன். தெருச் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. புத்தகத்தை இறக்கினேன்.

லியா வாங்கில் முழங்காலூன்றி எழும்பி, என் கழுத்தைச் சுற்றிக் கையைப் போட்டு, தன் காதை என் வாயோடு வைத்தாள்.

"வாசியுங்கோ அப்பா" என்றாள். "எனக்குக் கேக்குது."